பழையதிலேயே கை வைப்பதா, பிரதி எடுத்து வளர்ப்பதா?



சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன் போனில் கேட்டான்: "சார், ஓடிக்கொண்டிருக்கும் நிரலிலேயே புது வசதியைச் சேர்ப்பதா, பிரதி எடுத்துத் தனியாக வளர்ப்பதா? ஆபீசில் இரண்டு கட்சியாக நிற்கிறோம்." ஓய்வுக்குப் பிறகு லினக்ஸ் பழகியவன் நான். எனக்குத் தெரிந்த ஓர் உதாரணத்தைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

கம்ப்யூட்டரில் எந்தக் கோப்பு வட்டில் எங்கே இருக்கிறது என்று கணக்கு வைப்பது ஃபைல் சிஸ்டம். லினக்ஸில் 2001 முதல் இருந்தது எக்ஸ்ட்3. அது கோப்பின் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகக் குறித்து வைக்கும். வருகைப் பதிவேட்டில் 1, 2, 3 என்று நாற்பது எண்ணையும் எழுதுவது போல. "1 முதல் 40 வரை" என்று ஒரே வரியில் எழுதினால் வேலை சுருங்கும் அல்லவா? 2006-இல் அந்த முறையையும், 16 டெராபைட் என்ற எல்லையைத் தாண்டும் வசதியையும் எக்ஸ்ட்3-லேயே சேர்க்கலாம் என்றார்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் உள்ளிட்ட சிலர் மறுத்தார்கள். லட்சக்கணக்கானோரின் தரவு அதில் இருக்கும்போது சோதனை செய்யும் இடம் அதுவல்ல என்பது அவர்கள் கவலை.

அதே ஆண்டு ஜூனில் தியோடர் சோ ஒரு திட்டத்தை முன்வைத்தார். எக்ஸ்ட்3-ஐப் பிரதி எடுத்து எக்ஸ்ட்4 பிறந்தது. 2008 இறுதியில், பயன்படுத்தலாம் என்ற நிலைக்கு வந்தது.

பிரதி எடுப்பதில் நஷ்டமும் உண்டு. இரண்டுக்கும் பொதுவான பிழையை இரண்டு இடத்தில் திருத்த வேண்டும். ஒன்றில் திருத்தி மற்றொன்றில் மறந்தால் ஆபத்து. செலவு குறைவு என்று பழையதிலேயே சேர்க்கச் சொல்பவர்கள் சொல்வது இதைத்தான். அது நியாயமான பேச்சு.

ஆனாலும் என் கட்சி பிரித்து வளர்ப்பதுதான். திருத்துகிற சிரமம் எழுதுபவருக்கு; தரவு போனால் நஷ்டம் ஒன்றும் அறியாத பயனருக்கு. குழந்தையின் புகைப்படமும் கடைக் கணக்கும் அழிந்தால் யார் திருப்பித் தருவார்?

இதற்கு இரண்டு நிபந்தனைகள். ஒன்று, பழைய வீட்டிலிருந்து புது வீட்டுக்குப் பாதை வேண்டும். எக்ஸ்ட்3 வட்டை அழிக்காமலே எக்ஸ்ட்4 நிரலால் படிக்கவும் எழுதவும் முடிந்தது. இரண்டு, பிரிந்தது பிரிந்தே கிடக்கக் கூடாது. புதியது தேறியதும் பழைய நிரலை எடுத்துவிட வேண்டும். 2015-இல் லினக்ஸ் 4.3-இல் எக்ஸ்ட்3-இன் தனி நிரலை நீக்கினார்கள். பழைய வட்டுகளை எக்ஸ்ட்4-ஏ பார்த்துக்கொண்டது. ஒன்பது வருஷம் இரட்டைச் சுமை சுமந்தார்கள். நியாயமான விலை என்பேன்.

ஆகவே தம்பி, புது வசதி பழைய தரவின் அமைப்பையே மாற்றுமானால் பிரதி எடு. மாற்றாத சின்ன வசதி என்றால் பழையதிலேயே சேர். பிரதி எடுக்கும் நாளிலேயே பழையதை எப்போது மூடுவது என்றும் எழுதி வை.

இந்தத் துறையில் இருக்கும் மற்ற பிள்ளைகள் என்ன நினைக்கிறீர்கள்? கமெண்டில் எழுதுங்கள். மறுத்தாலும் மார்க் குறைக்க மாட்டேன்.