குருதித் துளிக்கு விலையா?

நுண்ணுயிர் என்றவுடனே நோயை எண்ணி நடுங்குவோரே மிகுதி. அந் நுண்ணுயிரையே நோய் காட்டும் உணர்வியாக்கிப் பல்லாயிரம் குழந்தைகளின் மூளையைக் காத்த வரலாறு ஒன்று அமெரிக்க நாட்டில் உண்டு. அதனை நுகர விடாமல் விலைபேச முனைந்த வணிக வேட்கையும் அவ் வரலாற்றின் ஒரு பகுதியே!

பினைல்கீட்டோனூரியா என்பது பிறவிநோய். உணவுப் புரதத்திலுள்ள பினைல்அலனின் என்னும் கூற்றை மாற்றும் நொதி, அந் நோயுற்ற குழந்தையின் ஈரலில் சரிவரச் செயற்படாது. பிறந்தபொழுது குழந்தை நலமாகவே தோன்றும். அக் கூறு குருதியில் பெருகப் பெருக, மூளை கெடும். முதற் கிழமைகளிலேயே கண்டறிந்து உணவை மாற்றினால் அறிவு பிழைக்கும். காலந்தாழ்த்தினால் இழந்தது இழந்ததே.

பஃபலோ நகரில் பணியாற்றிய இராபர்ட்டு கத்ரி ஒரு நுண்ணுயிரியலர். அவர் மகன் ஒருவர்க்கு அறிவு வளர்ச்சிக் குறை இருந்தது. உறவுக் குழந்தை ஒன்றுக்கோ இந் நோயே இருந்தது. தம் வீட்டுத் துயர் பிறர் வீட்டில் நிகழலாகாது என்று எண்ணிய அவர் கண்ட வழி வியப்புக்குரியது. பேசில்லசு சப்டிலிசு என்னும் நுண்ணுயிரைக் கூழிலிட்டு, அது வளராவண்ணம் பினைல்அலனினைப் போன்ற தடைப்பொருள் ஒன்றையும் அதிற் கலந்தார். குழந்தையின் குதிகாலிற் குத்தியெடுத்த குருதியைத் தாளில் தோய்த்து உலர்த்தி, அதிலிருந்து சிறு வில்லை வெட்டிக் கூழின்மேல் வைத்தார். குருதியில் பினைல்அலனின் மிகுந்திருப்பின் தடை தோற்கும். வில்லையைச் சுற்றி நுண்ணுயிர் வளையமாகத் தழைக்கும். வளையம் அகன்றால் மிகுதி. வளையம் இல்லையேல் அச்சமில்லை. உலர்ந்த தாளை அஞ்சலிலேயே ஆய்வகத்துக்கு விடுக்கலாம். இதனினும் எளிய கருவி யாது?

29 மாநிலங்களில் 4,00,000 குழந்தைகளை ஆய்ந்ததில் 39 குழந்தைகளுக்கு இந் நோய் இருந்தமை புலனாயிற்று. 1963இல் மாசச்சூசெட்சு மாநிலம் இவ் வாய்வைச் சட்டத்தாற் கட்டாயமாக்கிற்று. நோயில்லாக் குழந்தையையும் ஐயுறச் செய்த வளையங்கள் உண்டென்பது மெய்யே. மறுமுறை ஆய்ந்தால் தீரும் குறை அது.

தீராக் குறை வேறிடத்திலிருந்து வந்தது. 500 ஆய்வுக்கான பொருளைக் கத்ரி ஏறத்தாழ 6 தாலரில் உருவாக்கினார். தனியுரிமை பெற்ற நிறுவனமோ அதற்கு 262 தாலர் விலை குறித்தது! தமக்கென ஒரு காசும் வேண்டாதவர் கொதித்தெழாமல் என் செய்வார்? அரசின் பொருளால் நடந்த ஆய்வு இஃது என்னும் அடிப்படையில் அத் தனியுரிமை மறுக்கப்பட்டது. மறுத்தது அருளன்று, கடமை. மக்கள் வரிப்பணத்தில் விளைந்த அறிவை அம் மக்கட்கே நாற்பது மடங்குக்கு மேல் விற்பதை வணிகம் என்று சொல்ல நாக் கூசுகின்றது.

இன்று பொருண்மை அளக்கும் பொறிகள் ஒரே துளியில் பல நோய்களைக் காட்டுகின்றன. அந் நுண்ணுயிர்க் கூழ் பெரும்பாலும் ஓய்வு பெற்றுவிட்டது. ஆயினும் குதிகாற் குருதியை ஏந்தும் அத் தாள் மட்டும் மாறவில்லை. கத்ரி அட்டை என்றே மருத்துவமனைகளில் இன்றும் அதற்குப் பெயர்.