மெழுகுவத்தி எழுப்பும் வினா

ஒரு தட்டில் சிறிது நீர். நடுவே ஒரு மெழுகுவத்தி. ஆசிரியர் அதனை ஏற்றுகிறார். கண்ணாடிக் குவளையொன்றைக் கவிழ்த்து மூடுகிறார். சற்று நேரத்தில் சுடர் அணைகிறது. தட்டிலிருந்த நீர் குவளைக்குள் ஏறுகிறது. நான்காம் வகுப்புச் சிறுவன் வியப்போடு கேட்கிறான்: "ஐயா, நீர் ஏன் ஏறிற்று?"

விடை ஆயத்தமாக இருக்கிறது. "காற்றில் ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயு. அது எரிந்து தீர்ந்தது; அந்த இடத்தை நீர் நிரப்பிற்று. எழுதிக்கொள்!" சிறுவன் எழுதிக்கொள்கிறான், தேர்விலே மதிப்பெண்ணும் பெறுகிறான்.

வாசகத் தோழரே, அந்த விடை தவறு!

ஐயமெனில் நீங்களே செய்து பாருங்கள். மூன்று மெழுகுவத்திகளை ஏற்றி, அதே குவளையால் மூடுங்கள். நீர் முன்னிலும் உயரமாக ஏறக் காண்பீர்கள். குவளை அதுவே, அதனுள் அடங்கும் பிராணவாயுவும் கூடிவிடவில்லை. பின் எப்படி வந்தது இந்தக் கூடுதல் நீர்? சுடரின் வெம்மையால் காற்று விரிகிறது. ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்ததும் எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்றின் அழுத்தம் நீரை உள்ளே தள்ளுகிறது. அணைந்த பின்னரே நீர் விரைந்து ஏறுவதும் அதனாலேதான்.

இந்த உண்மையை அச்சிறுவனே கண்டிருக்கக்கூடும். இன்னும் இரண்டு மெழுகுவத்திகளும், "மாற்றிச் செய்து பார்" என்ற ஒரு சொல்லும் போதும். அந்தச் சொல்லைத்தான் நாம் அவனுக்கு மறுத்துவிட்டோம். விளக்கையும் பந்தையும் வைத்து நிழல் விழுவதைத் தன் கையாலேயே செய்து பார்த்த குழந்தையிடம், சூரியனைப் பாம்பு விழுங்கிற்று என்று கூறிப் பாருங்கள், கைகொட்டி நகைக்கும்! அந்த நகைப்புக்கு அஞ்சுவோர் இந்நாட்டில் இன்றும் உளர்.

1972-ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் ஓசங்காபாத் மாவட்டத்தில், 16 நடுநிலைப்பள்ளிகளில் ஒரு புதுமுயற்சி தொடங்கிற்று. சிற்றூர்ப் பிள்ளைகள் தாமே சோதனை செய்து அறிவியல் பயின்றனர். அறிஞர்கள் ஆசிரியர்களோடு அமர்ந்து பாடங்களை வகுத்தனர். தேர்விலே புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம். ஏனெனில், சோதிக்கப்பட்டது சிந்தனை, மனப்பாடமன்று! 1978-இல் அம்மாவட்டத்து நடுநிலைப்பள்ளிகள் அனைத்துக்கும் அது பரவிற்று. முப்பதாண்டு வளர்ந்த அந்த மரத்தை 2002-இல் மாநில அரசே வெட்டிச் சாய்த்தது. மக்கள் காவல் இல்லாத நற்பணிக்கு ஓர் ஆணையே எமனாகிவிடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

டில்லியின் போக்கையும் காணுங்கள். 1976-இல் வந்த 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்றது. நன்று! ஆனால், அதே திருத்தம்தான் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றிற்று. ஒரு கையால் கடமையைச் சுமத்தி, மறு கையால் உரிமையைக் குறைத்த விந்தை இது! 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமோ, செயல்வழியாகவும் கண்டறிதல் வழியாகவும் குழந்தை கற்கவேண்டும் என்கிறது. ஏட்டிலே இருக்கிறது, வகுப்பிலே வேண்டாமா?

"ஆய்வுக்கூடம் அமைக்கப் பணம் ஏது?" என்பார் சிலர். களிமண்ணுக்கு என்ன விலை? உருட்டி நீரில் இட்டால் மூழ்குகிறது; அதையே கிண்ணமாக வனைந்து இட்டால் மிதக்கிறது. கப்பல் மிதக்கும் தத்துவம் அந்தப் பிடி மண்ணிலே அடங்கிவிட்டது! பணத்தினும் அரியவை வேறு: ஆசிரியருக்குப் பயிற்சி, வகுப்பிலே நேரம், தேர்விலே மாற்றம். இவற்றை அளிக்கவேண்டியவர்கள் ஆள்வோர். கேட்டுப் பெறவேண்டியவர்கள் நாம்.

தமிழகத்தில் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று. 2022-இல் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான அரசுப் பள்ளி மாணவர்க்கென வானவில் மன்றம் எழுந்தது. வரவேற்போம்! ஆனால், வினாக்கள் ஊற்றெடுப்பது அதற்கும் முந்திய பருவத்திலன்றோ? ஒன்று முதல் ஐந்து வரை பயிலும் பிள்ளைகளின் கைக்கும் சோதனை வந்து சேரவேண்டும்.

நாளை உங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளிக்குச் செல்லுங்கள், தோழரே. "இந்த வாரம் பிள்ளைகள் தம் கையால் என்ன செய்து பார்த்தனர்?" என்று பரிவோடு கேளுங்கள். வினாவை அடக்கும் வகுப்பறை அடிமையை வளர்க்கும். வினாவை வரவேற்கும் வகுப்பறையிலேதான் குடிமகன் பிறப்பான்!