ஸ்கேனுக்கு முன் ஒரு பரிசோதனை

ஆசிரியருக்கு,

முதுகுவலி என்றதும் ஸ்கேனுக்கு ஓட வேண்டாம் என்ற உங்கள் கட்டுரை முற்றிலும் சரி. சிலிண்டரைத் தூக்கியதில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'டிஸ்க் பிதுக்கம்' என்று பார்த்ததும் பயந்து இரண்டு வாரம் படுத்தே கிடந்தேன். வலி கூடியதுதான் மிச்சம். பிறகு பார்த்த குடும்ப மருத்துவர் காலை நேராகத் தூக்கிப் பார்த்தார், கால் கட்டைவிரலை நிமிர்த்தச் சொன்னார். "வலியே இல்லாதவர்களுக்கும் இந்தப் பிதுக்கம் இருக்கும், நடங்கள்" என்றார். சித்திரை வீதியில் தினம் ஒரு சுற்று (தேர் நாள் நீங்கலாக!), ஒரு மாதத்தில் சரியானது.

காய்ச்சல், எடைக்குறைவு, கால் பலமிழத்தல், சிறுநீர் அடைப்பு இருந்தால் மட்டும் தாமதிக்கக் கூடாது. முதுகெலும்புக் காசநோயும் நம் நாட்டில் உண்டே. இவற்றைச் சத்திரம் பேருந்து நிலையத்திலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பலகையாக எழுதி வைக்க மாநகராட்சி முன்வர வேண்டும்.

– ஒரு வாசகர், ஸ்ரீரங்கம்