சுவர் இருந்தால்தானே சித்திரம்!



இம்மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பட்டர்வொர்த், பாகான் டாலாம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். முப்பது வருடம் தோட்டத்தில் பால் வெட்டிப் பிழைத்த குடும்பம். தோட்டம் கைமாறியதும் பட்டணத்துக்கு வந்து, வரிசை வீடு ஒன்றில் குடியிருக்கிறார்கள். வரும் தை மாதம் மூத்த மகளுக்குப் பரிசம்.

"அக்கா, ஹால் சுவரில் கறை கறையாக இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் அலோர் ஸ்டாரிலிருந்து வருகிறார்கள். மகள் வால்பேப்பர் ஒட்டலாம் என்கிறாள். அவர் சாயம் அடித்தால் போதும் என்கிறார். என் கையில் 600 வெள்ளி இருக்கிறது. மிச்சத்தைத் தவணையில் கட்டலாம் என்று கடைக்காரர் சொல்கிறார். என்ன செய்யட்டும்?"

சகோதரி, மகளும் சரியாகத்தான் சொல்கிறாள், அவரும் சரியாகத்தான் சொல்கிறார். ஆனால் இருவரும் ஒரு கேள்வியை விட்டுவிட்டார்கள். அந்தக் கறை எங்கிருந்து வந்தது?

அதற்குள் போகுமுன் ஒரு பழைய கதை சொல்கிறேன், கேளுங்கள்.

வால்பேப்பர் நமக்குப் புதிது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லயத்து வீட்டில் பிறந்தவர்களுக்கு அது பழகிய பொருள்தான். பலகைச் சுவரின் இடுக்கு வழியே காற்றும் வரும், அடுத்த வீட்டுப் பேச்சும் வரும். என் அம்மா பால் வெட்டிவிட்டு வந்து, மரவள்ளி மாவில் பசை காய்ச்சி, கிராணி வீட்டில் கேட்டு வாங்கிய பழைய பத்திரிகைகளை ஒட்டுவார். ஒவ்வொரு தீபாவளிக்கும் பழையதன்மேல் புதியது ஒன்று ஏறும். 1924ல் தொடங்கி 2019 வரை நடந்த 'தமிழ் நேசன்' எத்தனை லயத்துச் சுவர்களில் ஏறியிருக்கும் என்று யார் கணக்கு வைத்தார்கள்? கடைக்காரர் கொடுத்த காலண்டரில் லட்சுமியும் முருகனும் இருந்தால் அவர்களுக்கு நடுச்சுவர். நான் எழுத்துக் கூட்டிப் படித்ததே அந்தச் சுவரைப் பார்த்துத்தான்!

பிறகு நாங்களும் பட்டர்வொர்த்துக்குக் குடிவந்தோம். செங்கல் வீடு. ஹால் சுவரில் ஒரு கறை. கடைக்காரர் ஒருவர், "இதை ஒட்டுங்கள், கறை மறைந்துவிடும்" என்றார். மறைந்தது. பூப்போட்ட தாள், பார்க்கப் பார்க்க ஆசை. ஆறு மாதம் போனது. ஓரத்தைப் பிடித்து இழுத்தால் தாள் தோல்போல உரிந்து வந்தது. உள்ளே சுவர் முழுக்கக் கரும் பூஞ்சை. அந்த ஆறு மாதமும் என் சின்ன மகனுக்கு இரவெல்லாம் இழுப்பு. நாங்கள் கடல்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அம்மா வந்து பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "தோட்டத்துப் பலகைக்கு மூச்சு இருந்தது. இந்தச் சுவருக்கு நீ மூச்சை அடைத்துவிட்டாய்."

ஈரத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

பினாங்கிலும் செபராங் பிறையிலும் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. செப்டம்பர் முதல் நவம்பர் வரைதான் அதிகம். மழை இல்லாத நாளிலும் காற்றில் ஈரம் உண்டு. குளிர்நாட்டுக்காரர் ஒட்டுகிற மாதிரி நாம் ஒட்டினால் நடக்குமா?

முதலில் கறை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை இருந்தால், நிலத்து ஈரம் சுவரில் ஏறுகிறது. கூரை ஓரத்திலிருந்து இறங்கினால் ஓடோ மழைநீர்க் குழாயோ ஒழுகுகிறது. நடுச்சுவரில் இருந்தால், அந்தப் பக்கம் குளியலறையோ தண்ணீர்க் குழாயோ இருக்கிறதா என்று பாருங்கள். வரிசை வீட்டில் அது பக்கத்து வீட்டாரின் குளியலறையாகவும் இருக்கலாம். அப்படியானால் சண்டை போடாமல், ஒரு கிண்ணம் பாயசத்தோடு போய்ப் பேசுங்கள். காரியம் நடக்கும்.

சந்தேகம் தீர ஒரு சோதனை. சமையலுக்கு வைத்திருக்கும் அலுமினியத் தாளில் ஒரு சதுர அடி வெட்டிச் சுவரில் வையுங்கள். நான்கு பக்கமும் இடைவெளி இல்லாமல் பசைநாடாவால் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். சுவரைத் தொட்ட பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளே இருக்கிறது. வெளிப்பக்கம் கோத்திருந்தால் அறைக் காற்றின் ஈரம். சன்னலைத் திறந்து வைத்து, துணி காயப்போடுவதை ஹாலிலிருந்து மாற்றினாலே அது பெரும்பாலும் குறையும்.

அடுத்து, உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைத் தூள் ஒட்டினால் பழைய சுண்ணாம்போ, சாயமோ உதிர்கிறது. அதன்மேல் எந்தப் பசையும் நிற்காது. சுரண்டிக் கழுவி, காயவிட்டு, அடிச்சாயம் பூசிய பிறகுதான் மற்ற வேலை. புதிதாகப் பூசிய சுவரானால் குறைந்தது ஒரு மாதமாவது காய வேண்டும்; உப்புப் பூத்தால் இன்னும் காத்திருக்க வேண்டும்.

தாளுக்குள் ஒளிந்த நஞ்சு

வெள்ளைக்காரன் வீட்டிலும் இந்தத் தொல்லை இருந்தது. இங்கிலாந்தில் வால்பேப்பர் ஒரு காலத்தில் பணக்காரர் பொருள். 1712ல் அதற்கு வரியே போட்டார்கள், 1836ல்தான் எடுத்தார்கள். பிறகு இயந்திரத்தில் அச்சிட்டு விலை இறங்கியதும் ஏழை வீட்டுக்கும் வந்தது. அப்போது எல்லாரும் விரும்பியது ஒரு பளிச்சென்ற பச்சை. 1775ல் ஷீலே என்ற விஞ்ஞானி கண்டுபிடித்த சாயம் அது. அதில் கலந்திருந்தது ஆர்சனிக், அதாவது பாஷாணம்! ஈரச் சுவரில் பூஞ்சை பிடித்தால் அந்தச் சாயத்திலிருந்து நச்சு வாயு கிளம்பும் என்பதை 1893ல் கோசியோ என்ற இத்தாலிய மருத்துவர் எடுத்துக்காட்டினார்.

இன்றைய தாளில் அந்தப் பாஷாணம் கிடையாது. பயப்பட வேண்டாம். ஆனால் ஈரமும் பூஞ்சையும் போகவில்லையே! ஈர வீட்டில் இருப்பவர்களுக்கு இழுப்பும் மூச்சுத் தொல்லையும் அதிகம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009ல் ஒரு வழிகாட்டி நூலே வெளியிட்டது. என் மகனின் இழுப்பை நான் கடல்காற்றின் தலையில் போட்டது எவ்வளவு பெரிய தப்பு, பார்த்தீர்களா?

எந்தத் தாள்?

கடையில் மூன்று வகை காட்டுவார்கள்.

ஒன்று, வினைல் பூசிய தாள். ஈரத்துணியால் துடைக்கலாம், குழந்தை கிறுக்கினாலும் அழியும். ஆனால் அது பிளாஸ்டிக். சுவர் ஈரத்தை வெளியே விடாது. பகல் முழுக்க ஏர்கோண் ஓடும் அறையில், வெளிப்பக்கச் சுவருக்கு இது வேண்டவே வேண்டாம். வெளியிலிருந்து வரும் ஈரம் தாளுக்குப் பின்னால் தங்கிப் பூஞ்சையாகிவிடும். காய்ந்த உட்சுவருக்கு நல்லது.

இரண்டு, இழைகளை அழுத்திச் செய்த தாள். மேலே வினைல் பூசாததாகக் கேட்டு வாங்கினால் ஓரளவு மூச்சு விடும். பசையைத் தாளில் தடவாமல் சுவரில் தடவி ஒட்டலாம். கழற்றும்போது முழுதாக உரிந்து வரும். வீட்டு ஆட்களே ஒட்டுவதற்கு இதுதான் சுலபம்.

மூன்று, மெத்தென்று செங்கல் மாதிரி இருக்கும் ஒட்டுத்தாள். கைப்பேசியில் பார்த்து எல்லாரும் வாங்குகிறார்கள். மலிவுதான். ஆனால் அது பிளாஸ்டிக் நுரை. தீப்பட்டால் வேகமாக எரியும். சாமி விளக்கு, அடுப்பு, மின்சாரப் பெட்டி அருகே ஒட்டாதீர்கள். உரித்தால் சுவர்ச் சாயமும் கூடவே வரும். வாடகை வீடானால் முன்பணம் போய்விடும், ஜாக்கிரதை!

பசை விஷயத்தில் அம்மாவின் மரவள்ளிப் பசையை நாம் விட்டுவிடலாம். மாவுப் பசை கரப்பானுக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் விருந்து. பூஞ்சை பிடிக்காத மருந்து சேர்த்த பசை கடையிலேயே கிடைக்கும்.

கணக்குப் போடுங்கள்

நான்கு சுவருக்கும் ஒட்டினால் சின்ன ஹால் பெட்டிக்குள் இருப்பது போலாகிவிடும். ஒரு சுவர் போதும். 12 அடி அகலம், 9 அடி உயரச் சுவர் என்று வைத்துக்கொள்வோம். மீட்டரில் 3.66க்கு 2.74.

ஐரோப்பிய அளவுச் சுருள் 53 சென்டிமீட்டர் அகலம், சுமார் 10 மீட்டர் நீளம். இந்தச் சுவருக்கு 7 பட்டை வேண்டும். வெட்டிச் சரிசெய்ய 10 சென்டிமீட்டர் கூட்டினால் ஒரு பட்டை 2.84 மீட்டர். ஒரு சுருளில் 3 பட்டை வரும். ஆக 3 சுருள். கொரிய அளவுச் சுருள் 1.06 மீட்டர் அகலம், 15.6 மீட்டர் நீளம். அதில் 4 பட்டை போதும். ஒரே சுருளில் முடிந்துவிடும். சுருள் விலையை மட்டும் கேட்டு ஏமாறாமல், சுவர் விலையைக் கேளுங்கள். பெரிய பூவானால் பூவுக்குப் பூ சேர்க்கத் தாள் கொஞ்சம் வீணாகும். எல்லாச் சுருளிலும் அச்சு எண் ஒன்றுதானா என்று பார்த்து வாங்குங்கள். எண் மாறினால் நிறமும் ஒரு சாயல் மாறும்.

எந்தச் சுவர், எந்த நிறம்?

வாசலில் நுழைந்ததும் கண் படும் சுவரைத் தேர்ந்தெடுங்கள். சாமி மாடச் சுவர் வேண்டாம். சாம்பிராணிப் புகையும் எண்ணெயும் தாளைக் கெடுக்கும். மாலை வெயில் நேரே விழும் சுவரும் வேண்டாம், நிறம் வெளுத்துப்போகும்.

வரிசை வீட்டு ஹாலில் நடுப்பகுதி இருட்டாகத்தான் இருக்கும். சந்தனம், இளம்பச்சை, பால்வெள்ளை போன்ற நிறங்கள் வெளிச்சம் தரும். கூரை தாழ்வென்றால் நெட்டுக்கோடு போட்ட தாள் உயரமாகக் காட்டும். பெரிய பூ சின்ன அறையை இன்னும் சுருக்கும். ஒரு துண்டு மாதிரி கேட்டு வாங்கி, வீட்டுச் சுவரில் ஒட்டிப் பகலிலும் பாருங்கள், விளக்குப் போட்டும் பாருங்கள். சேலை எடுக்கும்போது கடை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பார்ப்போமே, அது போலத்தான்.

சுவரில் பூ இருந்தால் திரைச்சீலை ஒரே நிறமாக இருக்கட்டும். தாளில் உள்ள ஒரு நிறத்தை எடுத்து, பழைய சேலையில் மெத்தை உறை தைத்துப் போடுங்கள். காசு செலவில்லை, கண்ணுக்கு நிறைவு. குடும்பப் படங்களை ஆங்காங்கே சிதறவிடாமல் ஒரே இடத்தில் சேர்த்து மாட்டுங்கள். ஆணி அடிக்கும் இடத்தில் தாளைப் பெருக்கல் குறிபோல் கீறி மடித்துவிட்டு அடியுங்கள். நாளை ஆணியை எடுத்தால் மடிப்பைத் திரும்ப ஒட்டிவிடலாம்.

ஒட்டும் நாளில் மின்சாரத்தை நிறுத்துங்கள். நூலில் ஒரு சாவியைக் கட்டித் தொங்கவிட்டு, நேர்கோடு போட்டு முதல் பட்டையை ஒட்டுங்கள். முதல் பட்டை சாய்ந்தால் ஏழும் சாயும்.

வீடு நம்முடையதில்லை என்றால்?

தோட்டத்து வீட்டிலும் வாடகை வீட்டிலும் இருப்பவர்களுக்கு ஒரு யோசனை. சுவரில் ஒட்டாதீர்கள். இரண்டு ஒட்டுப்பலகை வாங்கி, அவற்றில் தாளை ஒட்டி, வீட்டுக்காரரையோ நிர்வாகத்தையோ கேட்டுக்கொண்டு, சுவரிலிருந்து ஒரு விரல் இடைவெளி விட்டுத் திருகாணியால் மாட்டுங்கள். சுவருக்கும் காற்று. வீடு மாறும்போது கையோடு எடுத்துப் போகலாம். தோட்டம் கைமாறிய நாளில் நம்மில் எத்தனை பேர் வேலியையும் வாழையையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தோம்! இதையாவது கொண்டுபோகலாமே.

பாகான் டாலாம் சகோதரிக்கு என் முடிவு இது. அந்த 600 வெள்ளியில் முதல் செலவு ஒழுகலை நிறுத்துவதற்கு. இப்போது பெய்கிற மழைதான் உங்கள் சுவருக்குப் பரீட்சை. மழை பெய்தும் கறை வளரவில்லை என்றால் தேறிவிட்டது. மார்கழியில் மழை குறையும்போது காயவிட்டு, மூன்று சுவருக்குச் சாயம் அடியுங்கள். அவர் பேச்சும் நிற்கட்டும். பிறகு காசு மிஞ்சி, அலுமினியத் தாளும் காய்ந்து வந்தால், ஒரு சுவரில் மகள் ஆசைப்பட்ட தாள். சுவர் காயவில்லை என்றால் பலகையில் ஒட்டி மாட்டுங்கள். தவணை மட்டும் வேண்டாம். பரிசத்துக்கு வருகிறவர்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து போய்விடுவார்கள். தவணைக்காரர் மாதா மாதம் வருவார்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்று பெரியவர்கள் சொன்னதை நாம் உடம்புக்குச் சொல்வதாகவே நினைக்கிறோம். அது சுவருக்கும் பொருந்தும். அம்மா ஒட்டிய பத்திரிகை அழகில்லைதான். ஆனால் அதற்குப் பின்னால் எப்போதும் காய்ந்த பலகை இருந்தது. நாங்கள் ஐந்து பிள்ளைகளும் அந்த வீட்டில் நிம்மதியாக மூச்சு விட்டோம்.

பரிசம் நல்லபடி முடிந்ததும் ஒரு வரி எழுதுங்கள், சகோதரி. மாப்பிள்ளை வீட்டார் எந்தச் சுவரைப் பார்த்தார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசை.

அடுத்த இதழில், சின்னச் சமையலறையில் அலமாரி அமைப்பது பற்றிப் பேசுவோம். வணக்கம்.