மூச்சு விடும் காளான்



மழை ஓய்ந்த மறுநாள், கறையான் புற்றருகே முளைத்த காளானைப் பறித்து வந்து அன்றே சமைத்து உண்ட நாட்களை, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரப் பெரியோர் இன்றும் நினைவுகூர்வர். மறுநாளுக்கு வைத்தால் அது நில்லாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இன்றோ காளான் பயிராகிவிட்டது. வெயிலைத் தாங்கி வளரும் பால் காளான் வகையொன்றைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998ஆம் ஆண்டு வெளியிட்டது. அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்தில் உருவானதால், ஊரின் பெயரையொட்டியே ஏ.பி.கே. 2 எனப் பெயர் பெற்றது. வைக்கோலும், கூரைக் கொட்டகையும், தெளிப்பதற்குச் சிறிது நீரும் இருந்தால், வானம் பொய்த்த ஆண்டிலும் ஓர் ஏழைக் குடும்பம் நாலு காசு காணலாம். ஆனால் பறித்தது சந்தை சேருமுன் கறுத்துவிட்டால், அத்தனை உழைப்பும் வீணே.

காளான் ஏன் இவ்வாறு விரைவில் கெடுகிறது? அதன் எடையில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நீர். அதைக் காக்கத் தடித்த தோல் இல்லை. பறித்த பின்னும் அது மூச்சு விடுகிறது; நீராவியையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. இறுகக் கட்டிய பாலித்தீன் பைக்குள் அந்த ஆவி துளித்துளியாகப் படிய, கிருமிகள் பெருகி மேற்புறம் பிசுபிசுக்கிறது. திறந்து வைத்தாலோ வாடிச் சுருங்குகிறது. அதிலுள்ள நொதிகள் காற்றுடன் சேர்ந்து அதைப் பழுப்பாக்குகின்றன.

இதற்காகவே அறிவியலார் ‘செயல்படும் உறை’களை ஆராய்ந்துள்ளனர். வெறுமனே மூடி நிற்காமல், மிகுந்த ஈரத்தை உறிஞ்சும் உப்பு அல்லது சார்பிட்டால் அடங்கிய சிறு பொட்டலத்தை உள்ளே தாங்கும் உறைகள் அவை. கரியமில வாயுவை ஈர்ப்பனவும் உண்டு. எனினும் காற்றை அறவே அகற்றலாகாது. காற்றில்லா இடத்தில் கொடிய நஞ்சை விளைக்கும் கிருமி வளரக்கூடும். காளான் பைகளில் துளையிடுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

இல்லத்தில் நாம் செய்யக்கூடியது எளிது. காளானைக் கழுவாமல், ஈரப்பையிலிருந்து எடுத்து, காகிதப் பையிலோ உலர்ந்த பருத்தித் துணியிலோ பொதிந்து குளிர்பெட்டியில் வைப்போம். இரண்டொரு நாளில் சமைத்துவிடுவோம். பிசுபிசுப்போ துர்நாற்றமோ கண்டால் தயங்காது எறிவோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெண்மையையே விரும்பி நாம் வாங்குவதால், கந்தகம் சேர்ந்த உப்புக் கரைசலில் காளானை முக்கி வெளுப்பாக்கும் வழக்கம் உண்டு. அவ்வுப்பு ஆஸ்துமா நோயாளருக்குத் துன்பம் தரலாம். சிறிது நிறம் மங்கிய காளானை ஒதுக்கும் நம் கண்ணே, விற்பவரை இதற்குத் தூண்டுகிறதன்றோ? புதியதை, மங்கிய நிறத்தோடும் ஏற்றுக்கொள்ளப் பழகுவோம்.

ஐந்து அப்பங்களால் ஆயிரக்கணக்கானோரின் பசி தீர்த்த ஆண்டவர், எஞ்சிய துண்டுகளையும் சேர்த்து வைக்கப் பணித்தார். வறண்ட பூமியில் வியர்வை சிந்தி விளைவித்த உணவை வீணாக்காது காப்பதும் நமக்கு ஒரு நன்றி வழிபாடே.