நாய் முதுகில் உண்டியல்

போன வாரம் நண்பர் ஒருவர் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நாய் நிற்கிறது. ஏர்டேல் ஜாதி. முதுகில் உண்டியல் கட்டியிருக்கிறது. "வெள்ளைக்காரன் வீட்டு நாய்க்குக்கூட தர்ம சிந்தனை இருக்கு பாருங்க சார்" என்று கீழே எழுதியிருந்தார். கடற்கரைச் சாலையில் மாலை நடைக்கு வரும் எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் அதைப் பார்த்து உருகிப் போனார்கள். எனக்குக் கோபம் வந்தது. நாய் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அந்த நாயின் பெயர் லாடி. லண்டன் விம்பிள்டன் ஸ்டேஷனில் 1949 முதல் 1956 வரை பிரயாணிகளிடம் காசு வசூலித்தது. வோக்கிங் என்ற ஊரில் ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர்களுக்கான இல்லம் ஒன்று இருந்தது. வசூலெல்லாம் அதற்குத்தான். 5,000 பவுனுக்கு மேல் சேர்த்ததாம். அன்றைய விலைக்கு அதில் இரண்டு சாதாரண வீடுகள் வாங்கலாம். ரிட்டையர் ஆன பிறகு அந்த இல்லத்துக் கிழவர்களோடேயே போய் இருந்து, 1960-இல் செத்தது. அதோடு விட்டார்களா? பாடம் பண்ணி, கண்ணாடிப் பெட்டியில் வைத்து, மறுபடி பிளாட்பாரத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். 1990 வரை வசூல் நடந்தது. செத்த பிறகு முப்பது வருஷம் டியூட்டி! எந்த சர்க்கார் குமாஸ்தாவும் இப்படி உழைத்ததில்லை.

பிரிட்டிஷ் ரயில்வே முழுவதும் அரசுடைமை ஆனது 1948 ஜனவரி 1-ஆம் தேதி. லாடி உண்டியல் சுமக்க ஆரம்பித்தது அதற்கு மறு வருஷம். அதாவது முதலாளி சர்க்கார். ஸ்டேஷன் சர்க்காருடையது, தண்டவாளமும் சர்க்காருடையது. அந்தத் தண்டவாளத்தில் ஆயுள் முழுக்க உழைத்த கிழவனுக்குக் கூரை வேண்டுமென்றால் மட்டும் நாய் போய்க் கேட்க வேண்டும். இதில் கை தட்ட என்ன இருக்கிறது?

வோக்கிங் இல்லத்தின் பூர்வ கதை இன்னும் கசப்பானது. 1880-களில் லண்டன் கிளாப்பம் பகுதியில் ஒரு பாதிரியார், வேலையில் செத்துப்போன ரயில்வே ஊழியர்களின் பெண் குழந்தைகளுக்காக ஆரம்பித்த அநாதை ஆசிரமம் அது. 1909-இல் வோக்கிங்குக்கு மாறியது. (போபால் பேகம் பணம் கொடுத்து 1889-இல் கட்டிய மசூதியும் அதே தெருவில்தான். பிரிட்டனில் மசூதிக்கென்றே கட்டிய முதல் கட்டடம் அது.) வண்டிகளை இணைக்கும்போது நசுங்கியவர், லைனில் அடிபட்டவர் என்று அந்தக் காலத்து ரயில்வே வேலையில் சாவு சகஜம். அப்பனை வேலை கொன்றது. பிள்ளைக்குச் சோறு போட ஊரார் காசு. பின்னாளில் அதே இடம் கிழவர்களுக்கும் ஆயிற்று.

இதற்கு நேர்மாறான ஒன்றும் அந்த நாட்டிலேயே உண்டு. நம் நண்பர்கள் அந்தப் படத்தை அனுப்புவதில்லை, அதில் நாய் இல்லையே! 1825-இல் நீராவி எஞ்சின் இழுத்த பொது ரயில் ஓடிய டார்லிங்டன் பக்கத்தில், 1919-இல் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே தொழிலாளர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். ஓய்வு பெற்ற தோழர்களுக்கும் விதவைகளுக்கும் சிறு சிறு வீடுகள் கட்டினார்கள். அந்த ஏற்பாடு வீட்டு வசதிச் சங்கமாக இன்றும் நடக்கிறது. அதையும் தர்மம் என்றுதான் பதிவேட்டில் எழுதுகிறார்கள். தன் கூலியில் எடுத்துத் தனக்கே கட்டிக்கொண்ட வீட்டுக்குத் தர்மம் என்று பெயர் வைத்தால், என் பிராவிடண்ட் ஃபண்டும் தர்மம்தான்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். "நம்ம ரயில்வேக்காரனுக்கு என்ன குறை? பென்ஷன் இருக்கு, கிராஜுட்டி இருக்கு, குவார்ட்டர்ஸ்ல ஓசியில இருந்தான்" என்பது நண்பரின் அடுத்த வாதம். எனக்கு ரயில்வே விதிகள் கொஞ்சம் தெரியும். நானும் ஆயுளெல்லாம் ஃபைல் கட்டியவன்.

குவார்ட்டர்ஸ் ஓசி இல்லை. அதில் இருப்பவருக்கு வீட்டு வாடகைப் படி கிடையாது. அதற்கு மேல் லைசென்ஸ் ஃபீ வேறு பிடிப்பார்கள். முப்பது வருஷம் ஒருவர் விட்டுக்கொடுத்த படியைக் கூட்டிப் பாருங்கள். ஓய்வு பெற்றால் நான்கு மாதம் சாதாரண வாடகையில் இருக்கலாம். நோயோ பிள்ளை படிப்போ காரணம் காட்டினால் இன்னும் நான்கு மாதம், இரட்டிப்பு வாடகையில். அதற்கு மேல் இருந்தால் அபராத வாடகை. வீட்டைக் காலி செய்யும்வரை கிராஜுட்டியை நிறுத்தி வைக்கவும் விதி இருக்கிறது. வேறு வீடு பார்க்க அட்வான்ஸுக்குக் கையில் காசு வேண்டும். அந்தக் காசோ வீட்டைக் காலி செய்தால்தான் வரும்! பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு 'ரெத்ரேத்' என்ற சொல்லுக்கு ஓய்வு, ஓய்வூதியம் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள், படை பின்வாங்குவது என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். கேங்மேன் விஷயத்தில் இரண்டும் ஒரே நாளில் நடக்கிறது.

"கிழவர்கள் காலி செய்யாவிட்டால் புதிதாக வேலைக்கு வருகிறவன் எங்கே போவான்?" என்பீர்கள். நியாயமான கேள்வி. காலி செய்யத்தான் வேண்டும். அதனால்தான் அவர்களுக்குத் தனியாக வீடு வேண்டும் என்கிறேன்.

ரயில்வே நலச் சங்கம் ஒன்று 1989 முதல் லாப நோக்கமில்லாமல் அடுக்குமாடி வீடுகள் கட்டி ஊழியர்களுக்கு விற்கிறதே என்று ஒருவர் ஞாபகப்படுத்தினார். நல்ல காரியம்தான். ஆனால் அது தவணை கட்ட முடிந்தவர்களுக்கு. ஸ்டேஷன் மாஸ்டர் வாங்குவார். வெயிலில் ஜல்லி அள்ளிப் போட்டவர், இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தவர், எதை வைத்து வாங்குவார்? 2004 ஜனவரிக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷனும் இல்லை. ரயில் பெட்டி கழுவும் காண்ட்ராக்ட் ஆட்களின் பேரே எந்த லெட்ஜரிலும் ஏறுவதில்லை.

நிலம் இல்லையா என்றால், இருக்கிறது. எந்த ஜங்ஷனுக்கும் போய் ரயில்வே காலனியைச் சுற்றி வாருங்கள். கதவு ஜன்னல் பிடுங்கிய குவார்ட்டர்ஸ், கூரையில் அரசமரம், வாசலில் முள். அந்த நிலத்தை வணிகத்துக்குக் குத்தகை விட 2005-இல் சட்டத்தையே திருத்தி ஓர் ஆணையம் அமைத்தார்கள். கடை வளாகத்துக்கு இடம் அளந்து கொடுக்க முடிகிறவர்களுக்கு இதற்கு முடியாதா?

ஒவ்வொரு காலனியிலும் இடிந்து கிடப்பதில் பத்து வீட்டைப் பழுது பார்க்கட்டும். கீழ்நிலைப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, சொந்த வீடு இல்லாதவர்களுக்கும், அவர்களுடைய விதவைகளுக்கும், பென்ஷனில் பத்தில் ஒரு பங்கு வாடகைக்கு, ஆயுள்வரை கொடுக்கட்டும். குத்தகைப் பணத்தில் ஒரு துளி போதும். அந்த வீடுகளின் வாசலில் தர்மம், நன்கொடை என்று கல்வெட்டு எதுவும் வைக்க வேண்டாம். கதவு நம்பர் போதும், தபால்காரருக்கு.