மூன்று கிலோ குழந்தைக்கு எந்த சைஸ்?



அம்பத்தூர் ஓ.டி. பக்கத்து மருந்துக் கடைகளிலும், ஆவடி மார்க்கெட்டிலும், பூந்தமல்லி டிரங்க் ரோட்டுக் கடைகளிலும் மாலை வேளையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. “அண்ணா, பேம்பர்ஸ் ஒரு பாக்கெட் குடுங்க.” “எத்தனை மாசக் குழந்தைங்க?” “பொறந்து நாலு நாள் ஆகுது.” “அப்ப நியூபார்ன் எடுத்துக்குங்க. பெரிய பாக்கெட்டா வாங்கினா பீஸ் கணக்குல ரேட் கம்மி.” வந்தவர் பெரும்பாலும் புது அப்பாவாக இருப்பார், இல்லையென்றால் தாய்மாமன். பெரிய பாக்கெட்டை வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். குழந்தையின் எடை எவ்வளவு என்று கடைக்காரரும் கேட்டிருக்க மாட்டார், இவரும் சொல்லியிருக்க மாட்டார்.

சொல்லியிருக்க வேண்டும். டயப்பர் சைஸ் முழுக்க முழுக்க எடைக் கணக்கு. எந்தப் பாக்கெட்டை வேண்டுமானாலும் திருப்பிப் பாருங்கள், கிலோ அச்சிட்டிருக்கும். நம் கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான கம்பெனிகளில் நியூபார்ன் என்பது 5 கிலோ வரை, ஸ்மால் 4 முதல் 8 கிலோ வரை, மீடியம் 7 முதல் 12 கிலோ வரை. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். ‘நியூபார்ன்’ என்ற பெயரைப் பார்த்ததும், பிறந்த குழந்தை எல்லாவற்றுக்கும் அதுதான், எல்லாவற்றுக்கும் ஒரே காலம்தான் என்று நினைத்துவிடுகிறோம். காசு வீணாவதும் குழந்தையின் தொடை சிவப்பதும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குழந்தை மூன்று கிலோவில் பிறக்கிறது என்று வையுங்கள். முதல் சில நாள்களில் எடை கொஞ்சம் இறங்கும். பிறந்த எடையில் 7 விழுக்காடு வரை, சில குழந்தைகளுக்கு 10 விழுக்காடு வரைகூட இறங்கலாம். மூன்று கிலோ குழந்தை 2 கிலோ 800 கிராமுக்கு வந்தால் இளம் தாய்மார்கள் பயந்துபோகிறார்கள். “பால் பத்தல, பவுடர் பால் வாங்கிட்டு வா” என்று வீட்டில் ஒரு குரல் கிளம்பும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது இயல்பான இறக்கம். பத்து முதல் பதினான்கு நாளுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். அதற்குப் பிறகு நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறும். அப்படிப் பார்த்தால் ஒன்றரை முதல் இரண்டு மாதத்தில் நான்கு கிலோ தொடும். ஐந்து கிலோவை எட்ட இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். மூன்றே முக்கால் கிலோவில் பிறக்கும் குழந்தையோ ஒரு மாதத்துக்குள்ளேயே நான்கைத் தாண்டிவிடும். 2 கிலோ 300 கிராமில் பிறந்த பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனாலும் நியூபார்னே போதுமானதாக இருக்கும். மூன்றும் ஒரே வாரம், ஒரே ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைகளாக இருக்கலாம். மூன்று வீட்டுக்கும் ஒரே பாக்கெட்டை எப்படி எடுத்துக் கொடுப்பது?

அதனால் முதல் தடவை சின்னப் பாக்கெட் வாங்குங்கள். இருபது, இருபத்தைந்து டயப்பர் இருந்தால் போதும். பச்சைக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு எட்டு, பத்து தடவை மாற்ற வேண்டியிருக்கும். அந்தப் பாக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும்தான். ஆனால் பொருந்துகிறதா, அந்தக் கம்பெனி குழந்தையின் தோலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று தெரிந்துவிடும். பிறகு பெரிதாக வாங்கிக்கொள்ளலாம்.

நான்கிலிருந்து ஐந்து கிலோ வரை உள்ள எடைக்கு நியூபார்னும் போடலாம், ஸ்மாலும் போடலாம் என்று பாக்கெட் சொல்கிறது. அங்கே எதைப் போடுவது என்று குழந்தையின் தொடையும் வயிறும் சொல்லும். டயப்பரை மாட்டிய பிறகு இடுப்புப் பட்டைக்குள் உங்கள் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் இறுக்கம். கழற்றும்போது தொடையிலோ இடுப்பிலோ சிவப்பாகத் தடம் பதிந்து, கொஞ்ச நேரத்தில் மறையாமல் நின்றால் சைஸ் சிறிது. ஒட்டுகிற டேப் இரண்டும் நடுவுக்கு வராமல் பக்கவாட்டிலேயே இழுத்துக்கொண்டு நிற்பதும், மலம் முதுகுப் பக்கம் ஏறி ஜட்டி, சட்டை, துண்டு எல்லாவற்றையும் நனைப்பதும் அதே காரணத்தால்தான். தொடை ஓரத்தில் இடைவெளி தெரிந்து அந்த வழியாகச் சிறுநீர் ஒழுகினால் சைஸ் பெரிது. ‘பெருசா இருந்தா நிறைய தாங்கும்’ என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கிறது. தொடைக்கும் டயப்பருக்கும் நடுவில் சந்து இருக்கும்போது எவ்வளவு பெரிதாக இருந்து என்ன பயன்?

ஒழுகுகிற டயப்பரை எல்லாம் சைஸ் குறை என்று தள்ளிவிடவும் வேண்டாம். தொடையைச் சுற்றி இருக்கும் அந்த மெல்லிய கொசுவம் உள்ளே மடிந்திருந்தாலும் ஒழுகும். மாட்டி முடித்ததும் விரலை ஒரு சுற்றுச் சுற்றி அதை வெளியே எடுத்துவிட வேண்டும். ஆண் குழந்தை என்றால் குறி கீழ்நோக்கி இருக்கும்படி வைத்து மூட வேண்டும், இல்லையென்றால் வயிற்றுப் பக்கம் நனையும். பெண் குழந்தையைத் துடைக்கும்போது எப்போதும் முன்னிருந்து பின்னுக்கு.

தொப்புள்கொடி காய்ந்து விழ ஒன்று இரண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் டயப்பரின் முன்பக்கம் தொப்புளுக்குக் கீழே நிற்க வேண்டும். சில நியூபார்ன் டயப்பர்களில் அந்த இடத்தில் அரைவட்டமாக வெட்டியே இருக்கும். இல்லாவிட்டால் மேல் விளிம்பை வெளிப்பக்கமாக மடித்துவிடுங்கள். கொடி ஈரம் படாமல் காற்றாடக் காய வேண்டும். எண்ணெய், மஞ்சள், விபூதி, பவுடர் எதுவும் அதில் வைக்க வேண்டாம். இந்தக் காரணத்துக்காகவே முதல் மாதத்துக்குப் பேன்ட் மாடலைவிட டேப் ஒட்டுகிற மாடல் நல்லது என்பது என் அபிப்பிராயம். இடுப்பைக் கூட்டிக் குறைக்கலாம், தூங்குகிற பிள்ளையின் கால் வழியாக இழுக்க வேண்டியதில்லை. கடைகளில் பேன்ட் மாடல்தான் முன்னால் அடுக்கியிருக்கும், கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டரை கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் குறைந்த பிறப்பு எடை என்று வகுத்திருப்பது 2 கிலோ 500 கிராமுக்குக் கீழே. நம் நாட்டில் இப்படிப் பிறக்கும் பிள்ளைகள் ஏராளம். இவர்களுக்கு நியூபார்ன் டயப்பரே மார்பு வரை ஏறி நிற்கும், கால்கள் அகண்டு கிடக்கும். குறைமாதக் குழந்தைகளுக்கென்றே சிறிய அளவு உண்டு. தெருமுனைக் கடையில் கிடைப்பது அரிது. பெரிய ஆஸ்பத்திரிகளை ஒட்டிய மருந்துக் கடைகளில் கேட்டுப் பாருங்கள், பச்சிளங்குழந்தைப் பிரிவு நர்ஸ் அக்காவிடமும் விசாரியுங்கள். கிடைக்கவில்லை என்றால் மெல்லிய பருத்தித் துணியே மேல். எடை குறைந்த குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு சேர்த்து வைக்கும் கங்காரு பராமரிப்பில் குழந்தைக்கு உடுப்பு என்று பார்த்தால் குல்லா, காலுறை, ஒரு டயப்பர் அல்லது துணி, அவ்வளவுதான். அந்த நேரத்தில் டயப்பர் மார்பு வரை ஏறியிருந்தால், தாயின் தோலில் படவேண்டிய இடத்தை அதுவே மறைத்துவிடும்.

இனி, சைஸைவிட எனக்கு அதிகம் கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன். தாய்ப்பால் எவ்வளவு குடித்தது என்று அளக்க வீட்டில் எந்தக் கருவியும் இல்லை. எத்தனை தடவை சிறுநீர் போனது என்பதுதான் அளவு. முதல் நாள் ஒரு தடவை, இரண்டாம் நாள் இரண்டு என்று ஏறி, ஐந்தாறு நாள் ஆகும்போது ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது போக வேண்டும். மலம் முதலில் கறுப்பாகத் தார்போல வரும், பிறகு பச்சை கலந்து, ஐந்தாம் நாள் வாக்கில் மஞ்சளாகும். இந்தக் கணக்கைத் துணி கட்டிய காலத்துப் பாட்டிமார் யாரும் சொல்லித்தராமலே வைத்திருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் துணி நனையும், மாற்றியாக வேண்டும், எண்ணிக்கை தானாக மனதில் நிற்கும். இன்றைய டயப்பருக்குள் இருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் தூள் தன் எடையைப்போலப் பல மடங்கு ஈரத்தை உறிஞ்சி ஜெல்லாக்கிவிடுகிறது. பச்சைக் குழந்தை விடும் சில சொட்டு அதில் இருந்த இடம் தெரியாது. டயப்பர் உலர்ந்தேதான் இருக்கிறது என்று இரவு முழுக்க விட்டுவிடுகிறோம். அதனால் முதல் வாரம் பகலில் துணி கட்டுங்கள். டயப்பர்தான் என்றால் நடுவில் ஈரக்கோடு உள்ளதாக வாங்குங்கள், நனைந்ததும் அந்த மஞ்சள் கோடு நீலமாகும். ஒரு தாளில் கோடு போட்டு எண்ணி வையுங்கள். ஐந்து நாள் ஆன குழந்தைக்கு ஆறு தடவைக்குக் குறைந்தாலோ, பால் குடிக்க எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே டாக்டரிடம் கொண்டு போங்கள்.

நம் பக்கத்து வெயிலையும் மழையையும் கணக்கில் எடுக்காமல் இதைப் பேச முடியாது. கத்திரி வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் இருபத்து நான்கு மணி நேரமும் டயப்பர் என்றால் தொடையிடுக்கு வெந்துபோகும். இரண்டு மூன்று மணிக்கொரு தடவை மாற்றுங்கள். மலம் போனால் உடனே. ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணீரால் கழுவி, ஒற்றியெடுத்து, பத்து நிமிடம் காற்றில் விடுங்கள். பவுடர் தூவ வேண்டாம், குழந்தையின் மூச்சில் போகும். சிவந்திருந்தால் ஜிங்க் ஆக்சைடு கலந்த களிம்பு போதும். இரண்டு மூன்று நாளில் அடங்காவிட்டால் டாக்டரைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை வேறு. கொரட்டூரிலும் அம்பத்தூரிலும் தண்ணீர் நிற்கும் நாள்களில், மின்சாரம் போய், துவைத்த துணி இரண்டு நாளாகியும் காயாமல் வாடையடிக்கும்போது, டயப்பர் இல்லாமல் ஒரு தாய் என்ன செய்வாள்? துணியா டயப்பரா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட இதில் ஒன்றுமில்லை. பகலில் பழைய வேட்டித் துணி, இரவிலும் வெளியே போகும்போதும் டயப்பர் என்று பல வீடுகளில் நடக்கிற வழக்கம் நல்ல வழக்கம். அரசு ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைகளுக்கு 2015-இல் கொடுக்கத் தொடங்கிய பதினாறு பொருள் பரிசுப் பெட்டகத்திலும் குழந்தைக்கான நாப்கின் துணி வைத்திருந்தார்கள்.

சைஸ் மாற்ற வேண்டிய நாளைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம் என்று நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகத்தான் போகிறீர்கள். ஊசி போட்டதும் வந்துவிடாமல் எடை போடச் சொல்லி அட்டையில் எழுதி வாங்குங்கள். அங்கன்வாடியிலும் எடை பார்ப்பார்கள். அந்த எண்ணோடு கடைக்குப் போனால் கடைக்காரர் யோசனை தேவைப்படாது.

குழந்தை பார்க்கப் போகும் உறவினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். காப்பு போடும் நாளிலும் பெயர் வைக்கும் நாளிலும் ஆளுக்கொரு நியூபார்ன் பாக்கெட் வந்து அலமாரியில் குவிந்துகிடக்கும். எடையைப் போனில் கேட்டுவிட்டு, ஒரு சைஸ் பெரியதாக வாங்கிப் போங்கள். ஸ்மாலோ மீடியமோ எப்படியும் பயன்படும். நியூபார்ன் மீந்துபோன வீட்டார் பிரிக்காத பாக்கெட்டைப் பக்கத்துத் தெருவில் அடுத்துப் பிரசவமாகப் போகும் பெண்ணுக்குக் கொடுத்துவிடலாம்.

கடைசியாக, கழற்றிய டயப்பர். மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, டயப்பரைச் சுருட்டி அதன் டேப்பாலேயே ஒட்டி, செய்தித்தாளில் பொதிந்து தனியாகக் கட்டிக் கொடுங்கள். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் டயப்பரைப் பொதிந்தே கொடுக்கச் சொல்லின. டயப்பர் தயாரிப்பவர்கள் பொதிந்து போடப் பையும் தரவேண்டும் என்றும் அவை கூறின. அம்பத்தூர் 2011-லிருந்து சென்னை மாநகராட்சியில் இருக்கிறது, ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியானது. குப்பை வண்டி யாருடையதாக இருந்தாலும், குப்பையைக் கையால் பிரிப்பவர் நம்மைப்போல ஒரு மனிதர். காய்கறித் தோலோடு சேர்த்துக் கட்டாமல், டயப்பர் என்று வாய்விட்டுச் சொல்லி அவர் கையில் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்